தேயிலைத் தோட்டப் பெண்களைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவைப்பது எப்படி: கடைசிப் படியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத் தோட்டங்களில் மாதர் சங்கம், இளைஞர் மன்றம், தொண்டு அமைப்பு என்று ஏதோ ஒன்றில் இருந்துகொண்டு, "நம்ம தோட்டத்துப் பொம்பளைகளுக்கு கேன்சர் செக்கப் செய்ய ஏதாவது பண்ணணும்" என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரிசோதனை இலவசம். பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக் இலங்கையில் 1996-இலிருந்து நடக்கிறது. 35 வயதையும் 45 வயதையும் எட்டிய பெண்களைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அங்கே அழைக்கிறார்கள். ஆனால் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) அந்தக் கதவு வரைக்கும் ஒரு பெண் வந்து சேருவதற்குள் அவளைத் தடுக்க ஐந்தாறு காரணங்கள் நிற்கின்றன.

புதிதாக இறங்குகிறவர்கள் அநேகமாக எல்லாரும் விழிப்புணர்வுக் கூட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கூட்டம் நிறைந்தது. முடிவில் ஒரு அக்கா எழுந்து, "சரி, நான் வர்றேன். எங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏற்பாடெல்லாம் முடிய இரண்டு மாதமானது. அதற்குள் அந்த அக்காவே, "அதெல்லாம் சும்மா பேச்சு" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அதனால் இந்த வழிகாட்டியில் பேச்சு ஆறாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று மாத நேரம் வேண்டும். ஒரு தடித்த கொப்பி வேண்டும். சிங்களம் பேசவும் வாசிக்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும். படிவங்களும் முடிவுக் கடிதங்களும் பல இடங்களில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஆட்டோச் செலவுக்குக் கொஞ்சம் பணம் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட, அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற, பரிசோதனையைத் தானே செய்துகொண்ட ஒரு பெண் உங்களோடு இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், வேலையைத் தொடங்கும் முன் விருப்பமுள்ள ஒருவரை நீங்களே கிளினிக்குக்கு அழைத்துப் போய் வாருங்கள். "வலிக்குமா?" என்ற கேள்விக்கு டாக்டர் சொல்லும் பதிலைவிடப் பக்கத்து நிரையில் நிற்கிறவள் சொல்லும் பதிலைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள்.

1. முடிவு சரியில்லாமல் வரும் பெண்ணுக்கு முதலில் வழி செய்யுங்கள்

இது கடைசியில் வர வேண்டிய படியைப் போலத் தெரியும். ஆனால் இதை முடிக்காமல் ஒருவரையும் அழைக்காதீர்கள்.

பாப் பரிசோதனையில் கருப்பை வாயிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். சிலருக்கு 'மாற்றம் இருக்கிறது' என்று வரும். அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருடங்களுக்கு முந்தைய நிலைதான். அப்போதே கண்டுபிடித்தால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெண் அடுத்ததாகக் கொல்பொஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதாவது ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போகும், ஆட்டோவும் இரண்டு பஸ்ஸும் ஏற வேண்டும், மொழி புரியாத வரிசையில் நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெண்கள் விட்டுவிடுகிறார்கள்.

அதனால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, கூடப் போகப் போவது யார். கூடப் போகிறவருக்குச் சிங்களம் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவைக்கான போக்குவரத்துச் செலவையும் ஒதுக்கி வையுங்கள்.

ஒரே ஒரு பெண் 'மாற்றம் இருக்கிறது' என்ற கடிதத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்தால், ஒரு கிழமைக்குள் அந்தச் செய்தி எல்லா லயத்துக்கும் போய்விடும். அடுத்த கிளினிக்குக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

2. சுகாதாரப் பணிமனைக்குப் போங்கள், துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) அப்புறம்

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான் அடுத்த இடம். எல்லாரும் எம்ஓஎச் ஒபிஸ் என்பார்கள். கிளினிக், பரிசோதனைச் சாமான், ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழி எல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றன. முதலில் தோட்ட நிர்வாகத்திடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ போனால், இது அவர்களுடைய நிகழ்ச்சியாகிவிடும். அந்தச் சங்கத்தைச் சேராத குடும்பங்கள் ஒதுங்கி நிற்கும்.

அங்கே கேட்க வேண்டியவை: மாதிரியை எடுப்பது பெண்ணா, அவருக்குத் தமிழ் தெரியுமா, பாப் பரிசோதனையா, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தேடும் பரிசோதனையா, ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்ய முடியும், முடிவு வர எத்தனை கிழமை ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இலிருந்து எச்பிவி பரிசோதனையையே முதல் பரிசோதனையாகச் செய்யச் சொல்கிறது. அதில் பெண் தானே மாதிரி எடுத்துக்கொடுக்கவும் முடியும். உங்கள் பகுதியில் அந்த வசதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால், கூச்சத்தால் வராத பாதிப் பேருக்கு வழி திறந்துவிடும்.

ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்ய முடியும் என்ற எண்ணைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அதைத் தாண்டி ஒருவரைக்கூட அன்றைக்கு அழைக்கக் கூடாது. வந்து, காத்திருந்து, பார்க்காமல் திரும்பிப் போன பெண் மறுபடி வருவது ரொம்பக் கஷ்டம்.

பிரிவுக்குப் பொறுப்பான மிட்வைஃபைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். சில இடங்களில் அவர் அரசாங்கத்தைச் சேர்ந்தவர், சில இடங்களில் தோட்டமே வைத்தவர். யாராக இருந்தாலும் அவர் தலையில் ஏற்கனவே நிறைய வேலை இருக்கிறது. "உங்களுக்கு உதவியாக என்ன செய்யட்டும் மிஸ்?" என்று தொடங்குங்கள். குறை சொல்வது போல ஒரு வார்த்தை வந்தாலும் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

3. பட்டியலை லயம் லயமாக நடந்து எழுதுங்கள்

மிட்வைஃபிடம் குடும்பப் பதிவேடு இருக்கும். அதுதான் அடிப்படை, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. அந்தப் பதிவேட்டில் கர்ப்பம், பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு என்று பார்க்கப்படும் குடும்பங்கள்தான் நன்றாகத் தெரியும். கணவனை இழந்தவர், பிரிந்து அம்மா வீட்டோடு வந்துவிட்டவர், கொழும்பில் வீட்டுவேலைக்குப் போயிருப்பவர் எல்லாம் நழுவிவிடுவார்கள். பரிசோதனை இவர்களுக்கும் தேவை.

ஒவ்வொரு லயத்திலும் வயதான ஓர் அம்மாவிடம் உட்கார்ந்து, "இங்க 35 தாண்டின பிள்ளைக யார் யாரு?" என்று கேளுங்கள். எந்தப் பதிவேட்டையும்விடச் சரியாகச் சொல்லிவிடுவார்.

பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, தோட்டத்து செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஒன்று, அட்டையில் ஒன்று என்று நம் மக்களிடம் மூன்று பெயர் இருப்பது சாதாரணம். எந்தப் பெயரில் மாதிரி போகிறதோ அந்தப் பெயரில்தான் முடிவு வரும். ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் முடிவு தேங்குவது இதனால்தான். கூப்பிடும் பெயர், லய இலக்கம், யாருடைய வீடு என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊருக்கு வருவார்கள். பண்டிகை முடிந்து மூன்றாம் நாள் ஒரு கிளினிக் வைக்க முடிந்தால், வேறு எப்போதும் கிடைக்காதவர்கள் கிடைப்பார்கள்.

4. பேர் போகாத நாளைக் கண்டுபிடியுங்கள்

கிளினிக்கின் வெற்றி தோல்வி இந்தப் படியில்தான் முடிவாகிறது. "ஒரு நாள் லீவு போட்டால் என்ன?" என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்கிறார்கள். தோட்டத்தில் ஒரு நாள் போவது ஒரு பேர் போவது. குறித்த கிலோ எடுக்காவிட்டால் முழு நாள் நின்றும் அரைப் பேர்தான். மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனாள் என்பதை வைத்துத்தான் முற்பணம், கடைக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் ஓடுகின்றன. உடம்பில் ஒரு வலியும் இல்லாதபோது அதை விட்டுவிட்டு வா என்று கேட்பது பெரிய காரியம். அந்தப் பெண் 'விழிப்புணர்வு இல்லாதவள்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவள் கணக்குச் சரியாகத்தான் போடுகிறாள்.

இப்போது துரையிடம் போங்கள். சுகாதாரப் பணிமனையின் கடிதத்தோடு போங்கள். இன்ன தேதியில், இந்தப் பிரிவில் இத்தனை பெண்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம், அவர்களுக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று துல்லியமாகக் கேளுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். அதன் பிரதியை, வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையிடமும் கங்காணியிடமும் கொடுங்கள். பேர் போடுவது அவர்கள் கையில். மேலே சொன்ன வாக்கு கீழே வந்து சேராததால் பெண்களுக்கு அரைப் பேர் விழுந்ததை நான் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். அடுத்த தடவை அங்கே கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சம்மதிக்கவில்லையா? அப்போது வேலை முடிந்து கொழுந்தை எடை போட்ட பிறகு மாலை நேரத்தில் வைக்க முடியுமா என்று பணிமனையிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வசதியாகத் தெரியும். ஆனால் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் தோட்டங்களில் அன்றைக்கும் பெண்கள் மலையில்தான் இருப்பார்கள். கொழுந்து குவியும் மாதங்களில் எந்த நாளும் சரிப்படாது. வரட்சியில் கொழுந்து குறைந்து, வேலை கொடுக்கும் நாட்களும் குறையும் மாதத்தைப் பிடியுங்கள். சம்பள நாளையும் தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் விட்டுவிடுங்கள்.

5. அறையை நீங்களே போய்ப் பாருங்கள்

தோட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), சமூக மண்டபம், டிஸ்பென்சரி இவற்றில் ஒன்றுதான். முதல் நாளே உள்ளே போய்ப் படுக்கையில் படுத்துப் பாருங்கள். ஜன்னல் வழியாக யாராவது பார்க்க முடியுமா? கதவுக்கு உட்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மறைப்புத் துணி தரை வரை வருகிறதா?

பக்கத்தில் தண்ணீரோடு ஒரு கக்கூஸ் கட்டாயம் வேண்டும். மலையிலிருந்து நேராக வருகிற பெண் கால் கழுவி, உடம்பைத் துடைத்துக்கொள்ளாமல் படுக்கையில் ஏறமாட்டாள். "வியர்வையோட வந்திட்டேன், இன்னொரு நாள் வர்றேன்" என்று திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். இரண்டு வாளித் தண்ணீர், சவர்க்காரம், துவைத்த சீத்தைகள் சில வைத்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

காத்திருக்கும் இடம் ஆண்கள் நடமாடும் பாதையில் இருக்கக் கூடாது. கடைப் பக்கமும் வேண்டாம்.

6. இப்போது பேசுங்கள், சின்னக் கூட்டமாக

தேதி, இடம், பேர் எல்லாம் உறுதியான பிறகுதான் இந்தப் படி. ஏழெட்டுப் பேராக, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். ஒலிபெருக்கி வைத்த கூட்டத்தில் வெள்ளைப்படுதலைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

'புற்றுநோய்' என்று தொடங்காதீர்கள். சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மார்பையும் பார்க்கிறார்கள், கூடவே கருப்பை வாயையும் பார்க்கிறார்கள். அப்படியே சொல்லுங்கள், அதுதான் உண்மையும். இன்னொரு காரணமும் உண்டு. 'கேன்சர் கிளினிக்' என்று பெயர் விழுந்துவிட்டால், அங்கே போன பெண்ணுக்கு நோய் இருப்பதாக மறுநாளே பேச்சு கிளம்பும்.

கருத்தடை ஆபரேஷனைப் பற்றிய பயத்தை நீங்களே எடுத்துப் பேசுங்கள். தோட்டங்களில் அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். சரியாக விளக்கம் கேட்காமலேயே கையெழுத்து வைத்ததாகச் சொல்லும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் 'கருப்பைப் பக்கம் ஏதோ செய்யப் போகிறார்கள்' என்றதுமே சந்தேகம் வருவது நியாயம். இது ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை, எதையும் வெட்டி எடுப்பதில்லை, உள்ளே எதையும் விட்டு வைப்பதில்லை, சில நிமிடங்களில் முடியும், வேண்டாமென்றால் பாதியிலும் எழுந்து வரலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கப் பயன்படுத்தும் தூரிகையைப் பணிமனையில் கேட்டு வாங்கிக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அதைத் தொட்டுப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு: "எனக்குத்தான் ஆபரேஷன் முடிஞ்சதே, இனி என்ன?" குழாயைக் கட்டினாலும் கருப்பை வாய் அப்படியே இருக்கிறது, பரிசோதனை தேவை. கருப்பையையே எடுத்துவிட்டவர்களை மிட்வைஃபிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

எச்பிவி வைரஸ் உடலுறவால் பரவுகிறது என்பதை மறைக்கக் கூடாது, ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். குடும்ப வாழ்க்கைக்கு வந்த அநேகம் பேருக்கு எப்போதாவது அது வந்து போகிறது, சிலருக்குத்தான் வருடக்கணக்கில் தங்குகிறது, எப்போது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அன்று இரவே வீட்டில் சண்டை வரும். 2017-இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் ஊசி இதே வைரஸுக்குத்தான் என்று சொன்னால் அம்மாக்களுக்குச் சட்டென்று புரியும்.

மாமியார்களைக் கூட்டத்திலிருந்து ஒதுக்காதீர்கள். அவர்களும் பிரஷர், சுகர் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மருமகளை அவர்களே அழைத்து வருவார்கள்.

7. மூன்று நாளுக்கு முன் வீட்டுக்கு வீடு போங்கள்

இது உங்களோடு இருக்கும் அந்தக் கொழுந்து எடுக்கும் பெண்ணின் வேலை. ஆண்கள் போகவே கூடாது. மாதவிடாய் நாட்களில் பாப் பரிசோதனை செய்வதில்லை. அந்தத் தேதியை மெதுவாகக் கேட்டு, மோதுகிறவர்களை அடுத்த தேதிக்கு மாற்றுங்கள். முந்தின இரண்டு நாட்களுக்கு உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் சமீபத்தில் பிரசவித்தவர்களும் எப்போது வரலாம் என்பதை மிட்வைஃப் சொல்வார்.

அன்றைக்கு அடையாள அட்டையும், கழற்றச் சுலபமான உடையும்.

8. கிளினிக் நாள்

எல்லாரையும் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லாதீர்கள். ஐந்து ஐந்து பேராக நேரம் பிரித்துக் கொடுங்கள். நான்கு மணி நேரம் காத்திருந்தவள் அடுத்த வருடம் வரமாட்டாள்.

ஏற்கனவே பரிசோதனை செய்தவரை முதலில் உள்ளே அனுப்பாதீர்கள், வாசலில் உட்காரவையுங்கள். வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் பிளேன்டீ கொடுத்து ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். உள்ளே போகப் போகிறவள் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். டாக்டருக்கோ தாதிய சகோதரிக்கோ தமிழ் தெரியாவிட்டால் மறைப்புக்கு வெளியே ஒரு பெண் நின்று மொழிபெயர்க்கட்டும். கங்காணியின் மனைவியை அதற்கு வைக்க வேண்டாம். வேலை செய்கிறவர்கள் அவர் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள்.

மாதிரி போதாமல் போனால் மறுபடி எடுக்க வேண்டிவரும் என்று அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு கூப்பிடும்போது "எனக்கு என்னமோ இருக்கு" என்று நடுங்கமாட்டார்கள்.

9. முடிவு அவள் கையில் சேரும் வரை வேலை முடியவில்லை

கடிதத்தை நம்பாதீர்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. தபால் தோட்ட ஒபிஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது போகும்; வழியில் பலர் பிரித்தும் பார்ப்பார்கள். அதனால் பணிமனை சொன்ன கிழமை வந்ததும் நீங்களே போய் விசாரியுங்கள். முடிவுகளை மிட்வைஃப் தனித்தனியாகச் சொல்லட்டும்.

போன் என்றால், அது யாருடைய போன் என்று முன்பே கேட்டு எழுதியிருக்க வேண்டும். மகனோ கணவனோ எடுத்தால் "மிஸ் வரச் சொன்னாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

முடிவு நல்லபடியாக வந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும். இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் பயந்துகொண்டே இருப்பவள், பரிசோதனையே வீண் என்று முடிவு கட்டிவிடுவாள். மாற்றம் இருக்கிறவர்களுக்கு முதலாவது படியில் செய்து வைத்த ஏற்பாட்டை அன்றைக்கே தொடங்குங்கள். தேதி, ஆஸ்பத்திரி, கூட வருபவரின் பெயர், இந்த மூன்றையும் ஒரே பேச்சில் சொல்ல முடிய வேண்டும்.

10. வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் மலையில் ஆண் பெண் எல்லாருக்கும் உண்டு. குளிரும் பசியும் தாங்க அது வேண்டும் என்பார்கள். புகையிலை இல்லாமல் வெற்றிலை பாக்கு மட்டும் மென்றாலும் வாய்ப் புற்றுநோய் வரும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் உறுதியாகச் சொன்னது. ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிவு, வாயை முன்பு போலத் திறக்க முடியாமை என்று ஏதாவது இருந்தால் பல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இதற்கு அறையோ மறைப்போ வேண்டாம், வெளிச்சம் இருந்தால் போதும். ஆண்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தன் வாயைக் காட்டிவிட்டு வந்த கணவன் மனைவியைத் தடுப்பதில்லை என்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

11. வராதவர்களிடம் மறுபடி போங்கள்

பட்டியலில் இருந்தும் வராதவர்களிடம் பத்து நாளுக்குள் போங்கள். "ஏன் வரல?" என்று கேட்காமல், "அன்னைக்கு என்ன ஆச்சு அக்கா?" என்று கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கங்காணி விடவில்லை, அன்றைக்கு மாதவிடாய், கணவர் குடித்துவிட்டு வந்தார். ஒவ்வொரு காரணத்துக்கும் செய்ய வேண்டியது வேறு. எல்லாவற்றையும் 'மறுத்துவிட்டார்' என்று ஒரே சொல்லில் எழுதினால் ஒன்றையும் சரிசெய்ய முடியாது. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்பவரை வற்புறுத்தாதீர்கள். அடுத்த தேதியை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்புறம் அந்தக் கொப்பி. முடிவு எழுதிய பக்கங்களைக் கிழித்து மிட்வைஃபிடம் கொடுத்துவிடுங்கள். அவை உங்களிடமோ சங்கத்திடமோ இருக்கக் கூடாது. மீதியில் அடுத்த வருடம் 35 ஆகப் போகிறவர்களின் பெயர்களையும், தேதி மாற்றிக் கொடுத்தவர்களின் பெயர்களையும் புதிய பக்கத்தில் எழுதி, துரையிடம் அடுத்த கடிதம் கொடுக்க வேண்டிய மாதத்தை மேலே குறித்து வையுங்கள்.